காதில் விழுந்த இரண்டாம் குரல்: கல்லூரி வானொலியில் ஒரு மாணவியின் முதல் நேரலை

கல்லூரி வானொலி நிலையம் ஒன்றில், முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் முதல்முறையாக இணைத் தொகுப்பாளராக மைக் முன் உட்கார்ந்த ஒரு மணி நேர நேரலையைப் பற்றியும் அதற்குப் பின் வந்த நாட்களைப் பற்றியும் இங்கே பதிவு செய்கிறேன். அன்று கன்ட்ரோல் ரூமில் நிகழ்ச்சிப் பொறுப்பாளராக இருந்தது நான். முக்கியமான தவறான முடிவை எடுத்ததும் நான்தான். சம்பந்தப்பட்ட மூன்று மாணவர்களும் இதைப் படித்துப் பார்த்துச் சம்மதித்திருக்கிறார்கள். யார் பெயரும் இதில் இல்லை.

பின்னணி

வாரம் ஒருமுறை மாலையில் போகும் வளாக நிகழ்ச்சி அது. அறிவிப்புகள், சில பாட்டுகள், நடுவில் நான்கு நிமிடப் பேச்சுப் பகுதி ஒன்று. எப்போதும் இரண்டு பேர் சேர்ந்துதான் தொகுப்பார்கள். ஒருவர் மூன்றாம் ஆண்டு மாணவி, இரண்டு வருடமாக மைக்கில் பழகியவர். அவருடைய ஜோடி படிப்பு முடிந்து போய்விட்டதால் இடம் காலியானது.

புதியவர் அதற்கு முன் இரண்டு மாதம் எங்களிடம் ஒலித்தொகுப்பு செய்துகொண்டிருந்தார். மைக்கில் பேசியதே இல்லை. குரல் தேர்வில் அவரைவிடக் கணீரென்று பேசியவர்கள் இருந்தார்கள். ஆனாலும் அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. எதிரில் இருப்பவர் சொன்னதைக் காதில் வாங்கி, அதற்குத்தான் பதில் சொல்வார். தான் அடுத்து சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி காத்திருப்பவர் அல்ல. இருவர் தொகுக்கும் நிகழ்ச்சிக்கு அதுதான் வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கணிப்பு இன்றும் மாறவில்லை.

தயாரிப்பு

மூன்று ஒத்திகை நடந்தது. மூன்றும் பதிவு அறையில்தான். நேரலை ஸ்டுடியோ பெரும்பாலும் பயன்பாட்டில் இருக்கும் என்பதால் அங்கே ஒருமுறைகூட உட்கார வைக்கவில்லை. பதிவு அறையில் ஹெட்ஃபோன் நேரே கருவியில் செருகியிருக்கும். பேசுவது பேசிய நொடியே காதில் விழும்.

முதல் ஒத்திகையில் தன் குரலைக் கேட்டதும் அவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "இது என் குரலே இல்ல மேடம்" என்றார். எல்லாரும் முதலில் சொல்வதுதான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. அந்த வழி கீழ் சுருதிகளைக் கூட்டிக் கொடுப்பதால் நமக்கு நம் குரல் கனமாகவே பழகியிருக்கும். மைக் பிடிப்பது காற்றில் போகும் குரலை மட்டும். அதனால் மெலிந்து, அந்நியமாகக் கேட்கும். இதையெல்லாம் விளக்கிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னேன்: "ஹெட்ஃபோன்ல உன் குரல் விசித்திரமாத்தான் கேக்கும். கண்டுக்காதே, பேசிட்டே இரு."

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி வழக்கமான பாடங்கள்தான். மைக்கிலிருந்து நாலைந்து விரல் தள்ளி வாய் இருக்க வேண்டும். நேராக ஊதாமல் கொஞ்சம் சாய்வாகப் பேச வேண்டும், இல்லாவிட்டால் 'ப' வரும் இடமெல்லாம் மைக்கில் குத்தும். தாளைத் திருப்பாமல் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். இன்னொரு விதியும் சொன்னேன்: நேரலையில் 'அக்கா' வேண்டாம், மூத்தவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அப்போதுதான் கேட்பவர்களுக்கு யார் குரல் எது என்று தெரியும்.

ஸ்கிரிப்ட் முழுக்க எழுதி யார் எதைப் பேசுவது என்று பிரித்திருந்தோம். நான்கு நிமிடப் பேச்சுப் பகுதி புதியவருடையது. கல்லூரி அலுவலகத்தில் தொலைந்து கிடைத்த பொருட்களைப் பற்றி அவரே யோசித்து, நேரில் போய் எண்ணிப் பார்த்து எழுதியது. அங்கிருந்த ஒற்றைச் செருப்பைப் பற்றி அவர் எழுதியிருந்த மூன்று வரிகள் அவ்வளவு நன்றாக வந்திருந்தன.

முதல் பத்து நிமிடம்

தடுமாற்றத்தோடுதான் தொடங்கியது. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், இருவரும் நிறுத்துவார்கள், அப்புறம் ஒரு மௌனம். முதல் ஆறு நிமிடத்தில் இது நான்கு தடவை நடந்தது.

காரணம் கண்ணெதிரே இருந்தது. இரண்டு நாற்காலியும் பக்கத்துப் பக்கத்தில், கணினித் திரையைப் பார்த்தபடி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. சாதாரணப் பேச்சில் ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. 10 மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில் அது சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று கண்டார்கள். அவ்வளவு வேகமாக ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுக்கிறார் என்றால், மற்றவர் முடிக்கப் போகிறார் என்பதை முன்கூட்டியே உணர்கிறார் என்று அர்த்தம். குரலின் இறக்கம், மூச்சு, பார்வை எல்லாம் அதற்கு உதவுகின்றன. பழகாத இரண்டு பேருக்கு நடுவில் பார்வையையும் எடுத்துவிட்டால் மோதல்தான் நடக்கும்.

இன்னொரு காரணம் நான் போட்ட பெயர் விதி. மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாணவிக்கு வாய் வரவில்லை. அதனால் கூப்பிடாமலே பேசினார். தன்னிடம் கேட்கிறாரா, நேயர்களிடம் பேசுகிறாரா என்று மூத்தவருக்குப் புரியவில்லை.

எட்டாவது நிமிடத்தில் பாட்டு போனபோது மூத்தவர் தானாகவே ஒரு மைக் தண்டைச் சுழற்றி, நாற்காலியைத் திருப்பி, மாணவிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். ஸ்டுடியோவும் கன்ட்ரோல் ரூமும் பேசிக்கொள்ளும் டாக்பேக்கில் என்னிடம் கேட்டார்: "மேடம், அக்கான்னே கூப்பிடட்டும். பரவாயில்லையா?" சரி என்றேன்.

பாட்டு முடிந்து மைக் திறந்ததும் வேறு நிகழ்ச்சி போல இருந்தது. "அக்கா, நூலகம் இனிமே எட்டு மணி வரைக்குமாம்" என்று மாணவி தொடங்கினார். "எட்டு மணி வரைக்கும் படிக்கவா, தூங்கவா?" என்றார் மூத்தவர். மாணவி சிரித்துவிட்டு, எழுதி வைக்காத ஒரு பதிலைச் சொன்னார். இப்படியே 19வது நிமிடம் வரை போயிற்று. அந்தப் பதினொரு நிமிடத்தில் ஒரு மோதல்கூட இல்லை.

இருபதாவது நிமிடத்துக்குப் பிறகு

19வது நிமிடத்தில் அடுத்த பாட்டு போனது. அப்போது ஒரு நேயர் தொலைபேசியில், ரேடியோவில் ஒன்றும் கேட்கவில்லை என்றார். ஆபரேட்டராக இருந்த இரண்டாம் ஆண்டு மாணவர் ஒலிபரப்பு போகிறதா என்று சரிபார்த்தார். போய்க்கொண்டிருந்தது. கோளாறு அந்த நேயரின் கருவியில்தான். ஒரு நிமிடத்தில் முடிந்த விஷயம்.

23வது நிமிடத்தில் மாணவியின் நான்கு நிமிடப் பகுதி தொடங்கியது. முதல் வரி: "போன மாசம் மட்டும் நம்ம கல்லூரியில தொலைஞ்சு கிடைச்ச குடை எத்தனை தெரியுமா?" ஒத்திகையில் பத்துத் தடவை சொன்ன வரி. அன்று வந்தது இப்படி: "போன மா...சம் மட்டும் நம்ம கல்லூ... லூரியில தொலை... தொலைஞ்சு..." உயிரெழுத்துகள் இழுபட்டன. அசைகள் இரண்டு தடவை வந்தன. குரல் ஏறிக்கொண்டே போய் ஒலியளவு மீட்டர் சிவப்பைத் தொட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன்.

அப்போது எடுத்த முடிவு

ஆபரேட்டர் என்னிடம், "மேடம், அவங்க மைக்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். மைக்கின் அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. "மைக் நல்லாத்தான் இருக்கு. பயந்துட்டாங்க" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் பயந்துபோன ஒருவருக்குச் செய்ய வேண்டியவை. அந்தப் பகுதியை ஒரு நிமிடத்திலேயே பாட்டுக்குத் திருப்பினேன். டாக்பேக்கில் மூத்தவரிடம், "இனி பாட்டுக்கு நடுவுல பேசற லிங்க் எல்லாம் நீயே எடுத்துக்கோம்மா. அவங்களைச் சின்னச் சின்னதா மட்டும் பேச வை" என்றேன். நேயர்களுக்கு நிகழ்ச்சி தடையில்லாமல் போக வேண்டும், அதைவிட முக்கியமாக அந்தப் பெண் நேரலையில் மேலும் அவமானப்படக் கூடாது. காரணங்கள் இவைதான். நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவுதான், ஆனால் அடிப்படையே தவறு.

அது பலித்தது போலவும் தோன்றியது. "ஆமாக்கா", "அப்படியா!" என்று ஓரிரு சொல்லில் பதில் சொன்னபோது தடுமாற்றமே இல்லை. பயம்தான் என்று எனக்கு இன்னும் உறுதியானது.

நிகழ்ச்சி முடிந்ததும் மாணவி, "மன்னிச்சிடுங்க மேடம்" என்றார். "முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான்மா" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். ஆனால் அதைக் கேட்ட பிறகு அவர் வேறெதுவும் சொல்ல வழியில்லாமல் போயிற்று. இனி ஒலித்தொகுப்பு மட்டும் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதிவைக் கேட்டபோது

மறுநாள் மூத்தவர்தான் வந்தார். "மேடம், 41வது நிமிஷத்தைக் கொஞ்சம் கேளுங்க" என்றார்.

41வது நிமிடத்தில் முதலில் ஒரு சரசரப்பு. தாள் கீழே விழுகிறது. மாணவி குனிந்து எடுக்கிறார். அப்புறம் அவர் குரல், சற்று தூரத்திலிருந்து: "அந்த ஒத்தச் செருப்பை மட்டும் யாரும் கேட்டு வரலியாம்க்கா. இன்னொரு செருப்பை வீட்டுல வச்சிருக்கிறவங்க இன்னும் அதைத் தூக்கிப் போடாம இருந்தா, தயவுசெஞ்சு வாங்க." முழுசாக இரண்டு வாக்கியம். ஒரு திக்கல் இல்லை, இழுவை இல்லை. அடுத்த நிமிடம் மறுபடியும் பழைய தடுமாற்றம்.

"குனிஞ்சப்ப ஹெட்ஃபோன் கழுத்துக்கு இறங்கிடுச்சு மேடம். நான் பார்த்தேன்" என்றார் மூத்தவர்.

அதற்குப் பிறகு பதிவை முதலிலிருந்து கேட்டேன். அன்றே கவனித்திருக்க வேண்டியவை வரிசையாகத் தெரிந்தன. நான் பார்த்தவரை மேடை பயம் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்து போகப் போகத் தணியும். இங்கே தலைகீழ். பதினொரு நிமிடம் நன்றாகப் பேசியவருக்கு ஒரு பாட்டுக்குப் பிறகு திடீரென்று வந்திருக்கிறது. நீளமாகப் பேசினால் வருகிறது, ஒரு சொல்லில் வரவில்லை. ஹெட்ஃபோன் இறங்கினால் போய்விடுகிறது.

மாணவியைக் கூப்பிட்டு, அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: ஹெட்ஃபோனில் என்ன கேட்டது?

"ரெண்டு தடவை கேட்டுச்சு மேடம். நான் சொன்னது பின்னாலேயே மறுபடி வந்துச்சு. விசித்திரமாத்தான் கேக்கும், கண்டுக்காதேன்னு சொல்லியிருந்தீங்க. எல்லாருக்கும் அப்படித்தான் கேக்கும்போல, எனக்குத்தான் சமாளிக்கத் தெரியலன்னு நினைச்சேன்."

சோதனை

ஆபரேட்டர் அன்று செய்ததை அப்படியே மறுபடி செய்து காட்டினார். ஒலிகளைக் கலந்து அனுப்பும் எங்கள் கன்சோலில் யாருக்கு எந்த ஒலி போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இரண்டு வரிசைப் பொத்தான்கள் உண்டு. ஒன்று கன்ட்ரோல் ரூமுக்கு, இன்னொன்று ஸ்டுடியோவுக்கு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொன்றிலும் 'புரோகிராம்' என்றும் 'ஆஃப் ஏர்' என்றும் உண்டு. புரோகிராம் என்றால் கன்சோலிலிருந்து நேரே வரும் ஒலி. ஆஃப் ஏர் என்றால் டிரான்ஸ்மிட்டர் வரை போய், காற்றில் பரவி, ரேடியோ ரிசீவர் வழியாகத் திரும்பி வரும் ஒலி. நேயர் புகார் சொன்ன அவசரத்தில் ஆபரேட்டர் முதலில் ஸ்டுடியோ வரிசையில் ஆஃப் ஏரை அழுத்தியிருக்கிறார். அவர் காதில் ஒன்றும் மாறவில்லை. சரியான வரிசைக்கு மாறி அழுத்தி, கேட்டு முடித்து, அந்த வரிசையை மட்டும் பழையபடி வைத்துவிட்டார்.

மூத்தவர் ஹெட்ஃபோனுக்குத் தனித் தேர்வு உண்டு. ஸ்டுடியோ வரிசை போய்ச் சேருவது அறை ஸ்பீக்கருக்கும் மாணவி போட்டிருந்த இரண்டாவது ஹெட்ஃபோனுக்கும்தான். மைக் திறந்ததும் ஸ்பீக்கர் தானாக ஊமையாகிவிடும், இல்லாவிட்டால் அதன் ஒலி மைக்கில் புகுந்து ஊளையிடும். மைக் மூடிப் பாட்டு போகும்போது ஸ்பீக்கரில் ஒலி வரும், ஆனால் பாட்டு கொஞ்சம் பிந்தி வந்தால் யாருக்கும் தெரியாது. ஆக, அந்தத் தாமதம் விழுந்தது அந்த அறையில் ஒரே ஒரு காதில்.

முன்பெல்லாம் அனலாக் ஒலிபரப்பில் இந்தச் சுற்றுக்கு நேரமே ஆகாது. தொகுப்பாளர்கள் ஆஃப் ஏரைக் காதில் வைத்துக்கொண்டே பேசுவார்கள், நிலையம் காற்றில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. இப்போது வழியில் டிஜிட்டல் இணைப்பும் ஒலிச் சீரமைப்புக் கருவியும் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். ஸ்டுடியோவில் கை தட்டி, இரண்டு ஒலியையும் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் பதிவு செய்து பார்த்தோம். ஒரு தட்டலுக்கும் அதன் நகலுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு.

ஒருவர் பேச்சைக் குலைக்க இதைவிட மோசமான அளவு இல்லை. தன் குரலைத் தாமதமாகக் கேட்கும்போது பேச்சு இழுபடும், அசைகள் திரும்ப வரும், குரல் உயரும் என்பதை ஆய்வாளர் பெர்னார்ட் லீ 1950இலேயே எழுதியிருக்கிறார். இதைச் செயற்கைத் திக்கல் என்றே அழைத்தார். பெரியவர்களுக்குப் பாதிப்பு மிக அதிகமாக இருப்பது ஐந்தில் ஒரு நொடியை ஒட்டிய தாமதத்தில்தான். ஒரு சொல்லில் பதில் முடிந்துவிட்டால், எதிரொலி வந்து சேரும்போது குலைக்க அங்கே பேச்சே மிச்சமிருக்காது. நான் பயத்துக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டது இதைத்தான்.

அன்று மாலை மாணவியை கன்ட்ரோல் ரூமில் உட்கார வைத்துவிட்டு, நாங்கள் மூவரும் ஒவ்வொருவராக அந்த ஹெட்ஃபோனைப் போட்டு அவருடைய ஸ்கிரிப்டைப் படித்தோம். இரண்டு வருட அனுபவம் உள்ள மூத்தவர் இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். நான் முதல் வரியையே முடிக்கவில்லை. ஆபரேட்டர் மட்டும் மெதுவாக, சொல் சொல்லாக, கடைசி வரை படித்தார். பாதிப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். மாணவி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வெளியே வந்ததும், "அப்ப நான் கடைசி வரைக்கும் இதோடயா பேசினேன்?" என்று கேட்டார்.

பிறகு நடந்தது

அவரிடம் நேராக மன்னிப்புக் கேட்டேன். அந்த வாரக் கூட்டத்தில் எல்லா மாணவர்கள் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன், அந்த நிகழ்ச்சியின் பதிவையும் போட்டுக் காட்டினேன். முதலில் அவரிடம் அனுமதி கேட்டுத்தான். ஆபரேட்டர் தன்னைத்தான் குறை சொல்லப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். ஒரே மாதிரி இரண்டு வரிசை இருந்தால் என்றைக்காவது யாராவது மாற்றி அழுத்தத்தான் செய்வார்கள் என்பதை அங்கேயே சொன்னேன்.

பாதியில் நின்ற நான்கு நிமிடப் பகுதியைப் பதிவு செய்து மறு வாரம் போடலாம் என்றேன். மாணவி மறுத்துவிட்டார். பதிவாக வேண்டாம், மறுபடி நேரலையிலேயே செய்கிறேன் என்றார். அதற்கும் ஒரு வாரம் தள்ளி வைத்தோம். இந்த முறை முன்கூட்டியே இரண்டு நாள், நேரலை ஸ்டுடியோவிலேயே, அதே நாற்காலியில், அதே ஹெட்ஃபோனில் ஒத்திகை நடந்தது.

நேரலையில் அந்தப் பகுதி நான்கு நிமிடம் பத்து நொடி போனது. நடுவில் ஓரிடத்தில் வரியைத் தவறவிட்டார். அது எல்லாருக்கும் நேர்வது. மூத்தவர் எதிரிலிருந்து ஒரு கேள்வி கேட்டு எடுத்துக் கொடுத்தார்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

ஸ்டுடியோ வரிசையின் ஆஃப் ஏர் பொத்தான் மேல் இப்போது சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது. அது தற்காலிகம்தான். கன்சோலின் அமைப்பிலேயே அந்த வழியை இரண்டாவது ஹெட்ஃபோனிலிருந்து துண்டிக்க வேண்டும், அது இன்னும் நடக்கவில்லை.

முதல் நேரலைக்கு முன் நேரலை ஸ்டுடியோவில் குறைந்தது ஒரு ஒத்திகை கட்டாயம். இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும், பெயர் விதியை எடுத்துவிட்டேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது பயிற்சியில் நான் சொன்ன அந்த வாக்கியம்தான். கோளாறு எது, இயல்பு எது என்று புதிதாக வருபவருக்குத் தெரியாது. ஒப்பிட அவரிடம் முன்னனுபவம் இல்லை. அவரிடம் போய் "கண்டுக்காதே" என்றால், கோளாறையும் சேர்த்து விழுங்கிக்கொள்வார். இப்போது இப்படிச் சொல்கிறேன்: "உன் குரல் மெலிசாக் கேக்கும், அது சரி. ஆனா ரெண்டு தடவை கேட்டாலோ, பிந்திக் கேட்டாலோ, கரகரன்னாலோ உடனே கையைத் தூக்கு. மைக் திறந்திருந்தாலும் பரவாயில்லை." கன்ட்ரோல் ரூமில் இருப்பவர்களுக்கும் ஒரு வரி: யாராவது திடீரென்று தடுமாறினால், என்ன காரணம் என்று யோசிக்கும் முன் அவர் ஹெட்ஃபோனை வாங்கி உன் காதில் வைத்துப் பார்.

அன்று நேயர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று அடுத்த வாரமாவது அறிவித்திருக்க வேண்டும் என்பது மூத்தவர் எண்ணம். தன்னைப் பற்றி அறிவிப்பு வேண்டாம் என்று மாணவி கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன்.

அவர் தானாகவே ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னும், மைக்கைத் திறந்து சோதிக்கும்போது ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, "அக்கா, கை தட்டுங்க" என்பார். எதிரிலிருந்து ஒரு தட்டல். ஒரு நொடி கூர்ந்து கேட்பார். "ஒண்ணுதான் கேக்குது" என்று சொல்லிவிட்டு, தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொள்வார்.